மறு: ‘பாஸ்கெட் ஹில்ட்’ வாளுக்குத் தமிழ்ச் சொல்

> ஸ்காட்லாந்து வாள்கள் பற்றிய கட்டுரையில் ‘பாஸ்கெட் ஹில்ட்’ (கையைக் கூடைபோல் மூடும் இரும்புப் பட்டைகள் கொண்ட வாள்பிடி) என்பதைக் ‘கூட்டுப்பிடி’ என்று எழுதியிருக்கிறேன். குழுவினர் கருத்துச் சொல்ல வேண்டும்.

ஐயா, கூட்டுப்பிடி வேண்டாம். ‘கூடு’ என்பதிலிருந்து அமைத்திருக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் வாசிப்பவருக்குக் கூட்டுக்குடும்பமும் கூட்டுப்பண்ணையும்தான் நினைவுக்கு வரும். இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கும் வாளா என்று கேட்பார்கள்.

கூடைப்பிடி என்பது நேர் பெயர்ப்பு, தவறில்லை. இருந்தாலும் இந்த வாளை ஒருமுறை கையில் எடுத்தவருக்கு அந்தச் சொல் போதாது. இரும்புப் பட்டைகளுக்குள் கையை நுழைத்து, ஏறக்குறைய அணிந்துகொள்கிறோம். ஐரோப்பாவில் இரும்புக் கையுறையோடு போரிடும் வழக்கம் குறைந்தபோது, விரல்களைக் காக்கும் வேலை வாளின் பிடிக்கே வந்து சேர்ந்தது. வெனிஸின் ஸ்கியவோனா வாள், இங்கிலாந்தின் ‘மார்ச்சுவரி’ வாள், ஸ்காட்லாந்து மலைநாட்டினரின் அகல்வாள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். (‘மார்ச்சுவரி’ பிற்காலச் சேகரிப்பாளர்கள் சூட்டிய பெயர். பிடியில் செதுக்கிய முகம் 1649இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்ல்ஸ் மன்னருடையது என்று நம்பிவிட்டார்கள். அவற்றில் பல அதற்கு முன்பே செய்யப்பட்டவை! பெயர் சூட்டும் நாமும் கொஞ்சம் பயப்படலாம்.)

எடையைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வரிதான் இருக்கிறது. அதை விரித்து எழுதுங்கள். பழைய ஸ்காட்லாந்து வாள்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். கையைச் சுற்றியுள்ள இரும்பு, சமநிலைப் புள்ளியைப் பிடியை நோக்கி இழுத்துவிடுவதால் நீண்ட அலகு சொன்னபடி திரும்புகிறது. மலிவான நகல்களில் பட்டைகளைத் தடிமனாக வார்த்துவிடுகிறார்கள். கூடு அகலமாகி உள்ளே கை ஆடுகிறது, அல்லது விரல் முட்டி இரும்பில் இடிக்கிறது. பழைய பிடிகளில் தோலும் துணியும் உள்ளுறையாக வைத்திருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். நகல் வாங்குகிறவர் அலகின் பளபளப்பை விட்டுவிட்டு, பிடிக்குள் ஓடும் அலகின் வால்பகுதி முழு இரும்பா, ஒட்டவைத்த திருகுக் கம்பியா என்று முதலில் கேட்க வேண்டும்.

அசல் வாளுக்கு வேறு மரியாதை. வெறுங்கையால் அலகைத் தொட்டால் வியர்வை உப்பால் துருப்பிடிக்கும். கையுறை அணிந்து, ஒரு கை பிடியிலும் மற்றது அலகின் கீழுமாக ஏந்த வேண்டும். கறுத்த படலத்தைத் தேய்த்து மினுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. கிளாஸ்கோவிலும் ஸ்டர்லிங்கிலும் செய்த பிடிகளில் ஜெர்மனியின் சோலிங்கன் அலகுகள் ஏராளம். ‘அந்திரேயா ஃபெராரா’ என்ற இத்தாலியக் கொல்லரின் பெயரை அவற்றின்மேல் பொறித்து விற்றார்கள். அந்தப் பொறிப்பும் தேய்ப்பில் போய்விடும்.

சொல்லுக்கு வருகிறேன். பழைய அகராதிகளில் ‘புட்டில்’ என்று ஒரு சொல் இருக்கிறது. கூடை என்றும் பொருள், விரலுறை என்றும் பொருள். இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே கிடைக்கும்? ‘புட்டிற்பிடி வாள்’ என்று முன்மொழிகிறேன்.

---

> புட்டிற்பிடி வாள்

அம்மா, சொல் அழகுதான். ஆனால் அருங்காட்சியகப் பலகையில் இதைப் படிக்கும் பள்ளி மாணவன் குழாய்ப்புட்டையும் கடலைக்கறியையும்தான் நினைப்பான். போதாக்குறைக்கு அம்பறாத்தூணிக்கும் புட்டில் என்று பெயர் உண்டு. கூடைப்பிடி வாள் என்றால் படத்தைப் பார்த்ததும் விளங்கிவிடும். நம் நாட்டுக் கண்டா வாளின் கைக்காப்பையும் ‘இந்து பாஸ்கெட்’ என்றே ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள்; கூடைப்பிடி அதற்கும் பொருந்தும்.

---

புட்டுக்குப் பயந்தால் பழஞ்சொற்களில் பாதியைப் புதைக்க வேண்டியதுதான். ஆனாலும் பலகை பற்றி நீங்கள் சொல்வது சரி. வாளின் வகைப்பெயர் கூடைப்பிடி வாள் என்றே இருக்கட்டும். கையை மூடும் இரும்புச் சட்டகத்துக்குத் தனிப்பெயர் எப்படியும் தேவை. ‘பிடி’ என்றால் கைபற்றும் தண்டா, மொத்தமுமா என்ற குழப்பம் கட்டுரை நெடுக இருக்கிறது. ஆகவே பற்றும் தண்டு பிடி, சட்டகம் புட்டில், அடிநுனி உருண்டை குமிழ். உள்ளே வைக்கும் தோலுக்கு ‘உள்ளுறை’ என்று எழுதியிருந்தேன், வாளுறையோடு குழம்பும். ‘அகத்தோல்’ சரிவருமா, வேறு யாராவது சொல்லுங்கள்.