கவிதா லேப்டாப்: டிஃபெண்டர் ஏன் இவ்வளவு இழுக்குது?

கவிதா: மாமா, டாஸ்க் மேனேஜர்ல "ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்" சிபியு 60 சதவீதம், மெமரி 480 எம்பி காட்டுது. அரை மணி நேரமா இறங்கவே இல்ல. விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ரேம்.

செந்தில் மாமா: விண்டோஸோடவே வர்ற ஆன்டிவைரஸ், டிஃபெண்டர்மா அது. ஆனா அந்தப் பேர்ல வேற ஏதாவது ஒளிஞ்சிருக்கான்னு முதல்ல பாத்துடு. அந்த வரி மேல ரைட் கிளிக், "ஓப்பன் ஃபைல் லொகேஷன்". சி டிரைவ், ப்ரோகிராம்டேட்டா, மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர், பிளாட்ஃபார்ம்னு போய், 4.18-ல தொடங்குற ஃபோல்டர் திறக்கணும். டெம்ப் ஃபோல்டர் திறந்தா எதையும் தொடாம என்னைக் கூப்பிடு.

கவிதா: 4.18 தான் மாமா.

செந்தில் மாமா: நல்லது. சும்மா இருக்கும்போது 150லருந்து 250 எம்பி வரைக்கும் எடுக்கறது சகஜம். 480 அரை மணி நேரம் நிக்குதுன்னா எதையோ விடாம ஸ்கேன் பண்ணிட்டிருக்கு.

மீனா அத்தை: மொத்தமா ஆஃப் பண்ணிட முடியாதாப்பா? ரெஜிஸ்ட்ரில, அதான் விண்டோஸ் செட்டிங்ஸ் சேமிச்சிருக்கற இடத்துல, ஒரு வரி சேர்த்தா போதும்னு வீடியோல சொன்னாங்களே.

அருண்: பழைய வீடியோவா இருக்கும் அத்தை. 2020 ஆகஸ்ட் அப்டேட்லருந்து அந்த வரியை டிஃபெண்டர் மதிக்கறதே இல்ல. ஃபைல் வந்ததும், திறந்ததும் அப்பவே சோதிக்கற ரியல் டைம் புரொடெக்ஷனைக் கையால அணைச்சாலும் கொஞ்ச நேரத்துல தானா ஆன் ஆயிடும். அதுவும் கவிதா பேங்க் வேலை பாக்குற மெஷின், காவல் இல்லாம விடவே கூடாது.

அருண்: கவி, லேப்டாப் வாங்கும்போதே வந்த டிரையல் ஆன்டிவைரஸ் ஏதாவது கிடக்கா? விண்டோஸ் செக்யூரிட்டி > செட்டிங்ஸ் > மேனேஜ் ப்ரொவைடர்ஸ்ல தெரியும்.

கவிதா: டிஃபெண்டர் மட்டும்தான் அருண்.

செந்தில் மாமா: அப்போ எந்த ஃபைல்னு அதுகிட்டயே கேட்டுடலாம். கமாண்ட் தட்டற பவர்ஷெல் விண்டோவை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திற. ரெண்டு கமாண்டையும் படமா அனுப்பிருக்கேன், ஒரு எழுத்து மாறினாலும் ஓடாது. முதல் கமாண்ட் ரெக்கார்டிங்கை ஆரம்பிக்கும். 5 நிமிஷம் வழக்கமான வேலையைப் பாரு, அப்புறம் என்டர் தட்டு. ரெண்டாவது கமாண்ட், ஸ்கேனுக்கு அதிக நேரம் தின்ன 10 ப்ரோகிராம், 10 ஃபைல் பட்டியலைத் தரும்.

📷 படம்

கவிதா: வந்துடுச்சு மாமா. முதல் இடத்துல நம்ம கணக்கு சாஃப்ட்வேர். ஃபைல் எல்லாமே டி டிரைவ் பேக்கப் ஃபோல்டர்ல இருக்கு.

செந்தில் மாமா: ஆட்டோ பேக்கப் எத்தனை நிமிஷத்துக்கு ஒருதரம் வச்சிருக்க?

கவிதா: 5.

செந்தில் மாமா: அங்கதான் இருக்கு விஷயம். மாறாத ஃபைலை ஒருதரம் பாத்துட்டா டிஃபெண்டர் ஞாபகம் வச்சுக்கும், திரும்பத் திரும்பப் பாக்காது. ஆனா ஒவ்வொரு பேக்கப்பும் புத்தம் புது காப்பி. 5 நிமிஷத்துக்கு ஒருதரம் ஆயிரக்கணக்கான புது ஃபைல் வந்து விழுந்தா, ஒண்ணு முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும். பேக்கப்பை சாயங்காலம் ஒருதரம்னு மாத்து.

அருண்: அந்த ஃபோல்டரை எக்ஸ்க்ளூஷன்ல, அதாவது ஸ்கேன் பண்ண வேண்டாம்ங்கற லிஸ்ட்ல போட்டா வேலை முடிஞ்சுடுமே மாமா?

செந்தில் மாமா: அது கடைசி வழிப்பா. விலக்கு கொடுத்த ஃபோல்டர், குறிச்ச நேரத்துல தானா ஓடற ஷெட்யூல்டு ஸ்கேன்லயும் விட்டுப்போகும், அங்க எது வந்து உட்கார்ந்தாலும் தெரியாது. தவிர்க்கவே முடியலன்னா அந்த ஒரு ஃபோல்டர் மட்டும். டவுன்லோட்ஸ், டெம்ப், முழு சி டிரைவ் மூணையும் எப்பவும் சேர்க்காதீங்க. டிஃபெண்டரையே எக்ஸ்க்ளூஷன்ல போடச் சொல்லி நிறைய பேர் எழுதறாங்க, அதுல மூல காரணம் அப்படியேதான் இருக்கும்.

மீனா அத்தை: எனக்கு மதியம் 12 மணிக்கு மட்டும் இழுக்குதே?

செந்தில் மாமா: உன்னோடது ஷெட்யூல்டு ஸ்கேனா இருக்கலாம். டாஸ்க் ஷெட்யூலர் திறந்து லைப்ரரி > மைக்ரோசாஃப்ட் > விண்டோஸ் > விண்டோஸ் டிஃபெண்டர் போ. "ஷெட்யூல்டு ஸ்கேன்" மேல டபுள் கிளிக். ட்ரிக்கர்ஸ்ல நியூ, வீக்லி, ஞாயிறு மதியம் 2 மணி. கண்டிஷன்ஸ்ல ஏசி பவர் டிக் இருக்கட்டும். ஸ்கேனுக்கான சிபியு அளவு சராசரி 50 சதவீதம்னு வந்திருக்கும், அதை 20 ஆக்குற கமாண்டையும் அனுப்பறேன். 5 வரைக்கும் குறைக்கலாம், ஆனா ஸ்கேன் முடிய ரொம்ப நேரம் ஆகும். இந்த அளவு ரியல் டைமுக்குப் பொருந்தாது, அதனாலதான் கவிதாவுக்கு இதைச் சொல்லல.

கவிதா: பேக்கப்பை 7 மணிக்கு மாத்திட்டேன் மாமா. இப்போ சிபியு 2, மெமரி 210.

செந்தில் மாமா: 7 மணிக்குக் கொஞ்சம் ஏறும், பயப்படாத. 10 நிமிஷத்துல இறங்கலன்னா அப்பவே இன்னொரு ரெக்கார்டிங் எடுத்து அனுப்பு.