1:43 எஃப்1 (ஃபார்முலா ஒன்) மாடல் கார்: டயர் பேஸில் (அடித்தட்டில்) ஒட்டுகிறது, பெயின்டில் கொப்புளம். சென்னை ஈரத்துக்கு என்ன வழி?

திருவான்மியூர்_43:
வணக்கம் நண்பர்களே. நரேன் கார்த்திகேயனின் 2005 ஜோர்டான் இஜே15, 19ஆம் எண் காரின் மாடல், 1:43, அதாவது நிஜக் காரில் 43-ல் ஒரு பங்கு நீளம். இத்தனை வருஷமும் அதன் அக்ரிலிக் பெட்டியிலேயே இருக்கிறது. டயர் நான்கும் பேஸில் பசை போல ஒட்டியிருக்கின்றன. மூக்குப் பகுதி மஞ்சள் பெயின்டில் குண்டூசித் தலை அளவில் நாலைந்து கொப்புளங்கள். ப்ளைவுட் அலமாரி, கண்ணாடிக் கதவு. கடல் பக்கம்தான். பூச்சிக்காக அந்துருண்டை போட்டிருக்கிறேன். டயரை எப்படி எடுப்பது? கொப்புளம் ஜிங்க் பெஸ்ட்டா (வார்ப்பு உலோகமே உள்ளிருந்து அரித்து நொறுங்கும் கோளாறு)?

பின்_இறக்கை:
முதலில் அந்துருண்டையை எடுத்து வெளியே போடுங்கள், இன்றைக்கே. நாப்தலின் ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கும், பெயின்டையும் கெடுக்கும். எஃப்1 காரில் இறக்கை, கண்ணாடி எல்லாம் மெல்லிய பிளாஸ்டிக். பட்டுப் புடவைக்குப் போடுவதை இங்கே போடக்கூடாது.

இனி டயர். அது மென்மையான பிவிசி. அதை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் மெதுவாக வெளியே கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கைக் கரைக்கிறது. வெயில் காலத்தில் வேகம் கூடும். பேஸ் ஸ்க்ரூ காரைக் கீழே இழுத்துப் பிடித்திருப்பதால் அழுத்தமும் சேர்கிறது.

முதலில் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். ஆனால் காரை மேலே பிடித்து இழுக்காதீர்கள். சஸ்பென்ஷன் கம்பி தலைமுடி போல இருக்கும், டயருக்கு முன்னால் அதுதான் ஒடியும். பல் இடுக்கு சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் நூலை டயருக்கும் பேஸுக்கும் நடுவே விட்டு, ரம்பம் போல முன்னும் பின்னும் இழுங்கள். ஒரு டயருக்கு ஐந்து நிமிஷம் ஆனாலும் ஆகட்டும்.

பிசுக்கைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால், காட்டன் பட்ஸில் லேசாக நனைத்து. தரையில் படும் பாகத்தை மட்டும். 2005 டயரில் நான்கு பள்ளக் கோடுகள் உண்டு, அதற்குள் பல்குச்சி நுனியில் பஞ்சு சுற்றித் துடைக்கலாம். பக்கவாட்டு வெள்ளை எழுத்தில் பட்டால் எழுத்து போய்விடும். அக்ரிலிக் பேஸுக்கு ஆல்கஹால் வேண்டாம், நுண்விரிசல் விடும். அதற்குப் பாத்திரம் துலக்கும் சோப்புத் தண்ணீர் போதும். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள்.

திரும்ப வைக்கும்போது ஸ்க்ரூவில் காருக்கும் பேஸுக்கும் நடுவே மெல்லிய நைலான் வாஷர் கொடுத்து, டயர் பேஸை விட்டு ஒரு மயிரிழை தூக்கி நிற்கும்படி செய்யுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொரு டயருக்கு அடியிலும் பாலியஸ்டர் ஓ.எச்.பி. ஷீட் (ப்ரொஜெக்டருக்குப் போடும் ஒளிபுகும் தாள்) துண்டு, 1 செ.மீ. × 1.5 செ.மீ. போதும். ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்குக்குப் போடும் பிவிசி ஷீட்டைக் கேட்டு வாங்கிவிடாதீர்கள், அதுவும் ஒட்டும்.

ஜமாக்_ஜன்னல்:
கொப்புளம் பற்றி. காரைத் திருப்பி ஸ்க்ரூ இறங்கும் தூண்களையும் பாடியின் உள் ஓரங்களையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி விரிசல், உலோகம் உப்பி இடைவெளி அடைபடுவது, ஓரம் பொடியாவது இருந்தால் ஜிங்க் பெஸ்ட். இந்த மாடல்களின் பாடியை வார்க்கும் ஜமாக் என்பது துத்தநாகத்தோடு சுமார் 4% அலுமினியம் கலந்த உலோகம். அதில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டினாலே உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கும். வார்க்கும்போதே உள்ளே இருக்கும் குறை அது, ஈரமும் சூடும் வேகப்படுத்தும். சரிசெய்ய வழியில்லை, பக்கத்து காருக்குப் பரவாது.

விரிசல் இல்லாமல் மேலே மட்டும் கொப்புளம் என்றால் பெயின்டுக்கு அடியில் ஈரம் புகுந்திருக்கிறது. ஊசியால் குத்தாதீர்கள், துளை வழியாக உலோகம் வெள்ளை பூக்கும். உலர்ந்த இடத்தில் வைத்து இரண்டு மாதம் பெரிதாகிறதா என்று பாருங்கள்.

ப்ளைவுட்டும் ஒரு சந்தேகம்தான். அதன் பசையிலிருந்து வரும் அமில ஆவி துத்தநாகத்துக்கு ஆகாது. கண்ணாடி, அலுமினியம் அல்லது இரும்பு அலமாரி நல்லது. இடுக்கு அடைக்க சிலிகான் வாங்கினால் வினிகர் வாடை அடிக்கும் ரகம் வேண்டாம், நியூட்ரல் க்யூர் என்று கேளுங்கள்.

திருவான்மியூர்_43:
நன்றி. அடியில் விரிசல் இல்லை, உருண்டையும் வெளியே போயாச்சு. அலமாரி 3 × 2 × 1 அடி. சிலிக்கா ஜெல் எவ்வளவு?

ஈரமானி:
6 கன அடி, கிட்டத்தட்ட 170 லிட்டர். 30 டிகிரியில் அவ்வளவு காற்றில் அதிகபட்சம் 5 கிராம் நீராவிதான் நிற்கும். அரை கிலோ ஜெல் 100 கிராமுக்கு மேல் இழுக்கும். ஆகவே அரை கிலோவும் இரண்டே வாரத்தில் ஈரம் நிறைந்து நிறம் மாறினால் ஜெல் குறைவு என்று நினைக்க வேண்டாம், கதவு இடுக்கில் காற்று வருகிறது. ஃபோம் ஸ்ட்ரிப் ஒட்டுங்கள்.

ஆரஞ்சு நிற ஜெல் மணி வாங்குங்கள், பாரிஸ் கார்னர் பக்கம் கெமிக்கல் கடைகளில் சில்லறையாகக் கேட்டுப் பாருங்கள். நீல மணியில் கோபால்ட் குளோரைடு, வீட்டில் வேண்டாம். நிறம் மாறியதும் ஓவனில் 110-120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும், சமையலுக்கு இல்லாத தட்டில்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் வாங்கி, நம்புவதற்கு முன் சோதியுங்கள். பாட்டில் மூடியில் தூள் உப்பைப் போட்டுச் சேறு பதத்துக்கு நனைத்து, மீட்டரோடு ஜிப் கவரில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 69 காட்டினால் எப்போதும் 6 கூட்டிப் படியுங்கள். அலமாரிக்குள் 45-55 நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி நிற்க வேண்டாம், நாலு விரல் இடம் விடுங்கள்.