பர்மாவில் நம் பெகு வீட்டுக்கு என்ன வண்ணம்?

பெகு சித்தி · காலை 7:48
(படம்) (படம்) (படம்)
மழை விட்டு மூன்று வாரம் ஆகிறது. வீட்டைச் சுற்றி வந்து எடுத்த படங்கள் இவை. பொங்கலுக்கு முன் வண்ணம் அடித்தாக வேண்டும் என்று அம்மா பிடிவாதம். பெயிண்டர் வியாழக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். என்ன நிறம் என்று அவரவர் இப்போதே சொல்லிவிடுங்கள். அப்புறம் 'என்னைக் கேட்கவே இல்லை' என்று யாரும் வரக்கூடாது.

சின்னவன் · காலை 7:55
(படம்)
சித்தி, இது எப்படி? சுவர் முழுக்கக் கரிச்சாம்பல், சன்னல் ஓரம் மட்டும் வெள்ளை. இப்போது எல்லாரும் இதைத்தான் அடிக்கிறார்கள்.

பெகு சித்தி · காலை 7:56
வீடா அரிசிக் கிடங்கா?

நான் · காலை 8:02
பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் படத்தில் பின்னால் நிற்பது பைன் மரம். வெயில் வந்தால் சந்தோஷப்படுகிற ஊர் அது.

மாண்டலே பெரியம்மா · காலை 8:10
எங்கள் வீடும் அடர் பழுப்புதான். இத்தனை வருடத்தில் சுவரில் ஒரு பாசி கிடையாது. அடர் நிறம் அழுக்கை மறைக்கும். சின்னவன் ஆசைப்பட்டால் அடிக்கட்டுமே.

மோல்மீன் மாமா · காலை 8:31
அக்கா, மாண்டலேயில் பாசி எங்கிருந்து வரும்? ரங்கூனில் வருடத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. உங்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் மோல்மீனில் ஏறக்குறைய இரண்டு பங்கு. பெகு ரங்கூன் பக்கம். உங்கள் சுவருக்கு எதிரி வெயில், எங்கள் சுவருக்கு எதிரி ஈரம், பெகுவுக்கு இரண்டும்.

சின்னவனே, கோபித்துக்கொள்ளாதே. வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். நீ அனுப்பிய கரிச்சாம்பல் 10 சதவீதம்கூட அனுப்பாது. மீதியெல்லாம் சூடாகச் சுவருக்குள் போகும். செங்கல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு இரவில் உள்ளே விடும். கரண்ட் இல்லாத ஏப்ரல் இரவில் உன் அம்மாச்சி அந்தச் சுவரோரம்தான் படுக்கிறார்.

சின்னவன் · காலை 8:33
சரி மாமா, கரிச்சாம்பல் போகட்டும். அப்படியானால் சுத்த வெள்ளையா?

மோல்மீன் மாமா · காலை 8:35
சுத்த வெள்ளை கண்ணைக் கூசும். ஒரு மழைக்காலம் தாண்டினால் ஒவ்வொரு கறையும் எழுதி வைத்ததுபோல் தெரியும். நிறத்துக்கு அப்புறம் வருவோம். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தரையிலிருந்து மூன்று அடி வரை. அதுதான் இந்த வீட்டின் உண்மையான தொல்லை.

நான் · காலை 8:40
பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியிருக்கிறது. வெள்ளைப் பொடி மாதிரியும் ஏதோ தெரிகிறது.

பெகு சித்தி · காலை 8:44
2023 அக்டோபர் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரம் அது. வெள்ளம் வடிந்ததும் அசிங்கமாக இருக்கிறதே என்று ஒருவரைக் கூப்பிட்டோம். நல்ல எமல்ஷன் பெயிண்ட், கழுவினால் அழுக்குப் போய்விடும் என்று அடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கே உரிய ஆரம்பித்தது. இந்தத் தடவை சிமென்ட் பூசி மறைத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

மோல்மீன் மாமா · காலை 9:06
சிமென்ட் வேண்டவே வேண்டாம் தங்கச்சி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கீழ்த்தளம் மரச்சட்டத்துக்குள் செங்கல் அடைத்துச் சுண்ணாம்புக் காரையால் கட்டியது. அந்தச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், காற்றில் விட்டுவிடும். அதன்மேல் எமல்ஷன் அடித்தால் வெளியே போகும் வழி அடைபடுகிறது. ஈரத்தோடு ஏறிவரும் உப்பு பெயிண்டுக்குப் பின்னாலேயே படிகமாகிப் பெயிண்டைத் தள்ளும். நீ பார்த்த வெள்ளைப் பொடி அதுதான். சிமென்ட் பூசினால் உப்பு நிற்காது. அடைத்த இடத்தைத் தாண்டி ஈரம் இன்னும் மேலே ஏறும், சட்ட மரத்தின் கால் உளுத்துப் போகும்.

உரிந்த எமல்ஷனை முழுக்கச் சுரண்டச் சொல். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துக் கூட்டி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். டிசம்பர் வரை சுவரைச் சும்மா காயவிடு. பிறகு சுண்ணாம்பு.

சின்னவன் · காலை 9:08
சுண்ணாம்பா? அது ஒட்டினால் கையெல்லாம் வெள்ளையாகுமே!

மோல்மீன் மாமா · காலை 9:15
ஆகும். சுவரில் சாயாதே. ஆனால் சுண்ணாம்பு சுவரை மூச்சு விட வைக்கும், அதன் காரத்தில் பாசியும் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்காது. நீற்றி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் போலத் தண்ணீராக்கி, சுவரை நனைத்துக்கொண்டு மெல்லிசாகப் பல கை அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே கையில் அப்பினால் செதில் செதிலாக வரும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போடாமல் யாரும் பக்கத்தில் போகக்கூடாது. ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும், அது உண்மை. ஆனால் சுரண்டும் வேலை இருக்காது.

நான் · காலை 9:20
சுண்ணாம்பில் நிறம் கலக்கலாமா மாமா?

மோல்மீன் மாமா · காலை 9:24
மண் நிறம் மட்டும். மஞ்சள் காவி, செங்காவி, இந்த மாதிரி இரும்பு ஆக்சைடு சேர்ந்தவை காரத்துக்கும் வெயிலுக்கும் தாங்கும். ஊதா, ரோஸ், பளீர் சிவப்புப் பொடிகளில் பல சுண்ணாம்பில் வெளுத்துவிடும். நிறப்பொடி எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. வாளியில் பார்க்கிற நிறத்தை நம்பாதீர்கள், காய்ந்தால் நன்றாக வெளிறும்.

பெகு சித்தி · காலை 9:27
அப்படியென்றால் தனாக்கா நிறம் வருமா? கன்னத்தில் பூசிக் காய்ந்த தனாக்கா மரப்பட்டைச் சாந்து மாதிரி இளமஞ்சள்.

மோல்மீன் மாமா · காலை 9:28
அதுவே சரியான நிறம். வெளிர் மஞ்சள் காவி. சூட்டை அதிகம் வாங்காது, கண் கூசாது, தூசி படிந்தாலும் தெரியாது.

மாண்டலே பெரியம்மா · காலை 9:30
எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மேல்மாடி தேக்குப் பலகை கறுப்பாக இருக்கிறதே, அதற்கும் மஞ்சள் அடித்தால் பொருந்தும் இல்லையா?

மோல்மீன் மாமா · காலை 9:41
அக்கா, அந்தப் பலகை யெனாங்யௌங் கிணற்றுக் கச்சா எண்ணெய் குடித்து வளர்ந்தது. அப்பா காலத்திலிருந்து வெயில் காலம் வந்தால் அதைத்தான் தடவுவார்கள். கறையான் அண்டாது, மழைத்தண்ணீர் உருண்டு ஓடும். எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பெயிண்டும் பிடிக்காது. தேக்குக்குச் சொந்தமாகவே எண்ணெய்ப் பசையும் உண்டு. கறுப்பாகவே இருக்கட்டும். பலகை மெல்லிசு, இருட்டினதும் சீக்கிரம் ஆறிவிடும். மாடி வேகிறது என்றால் அதற்குப் பலகை காரணமில்லை, தலைக்கு மேலே இருக்கிற தகரம்.

பெகு சித்தி · காலை 9:43
மே மாதம் மாடியில் நிற்கவே முடியாது அண்ணே.

மோல்மீன் மாமா · காலை 9:52
மே முதல் வாரத்தை ஒட்டி உச்சி வெயில் நேர் தலைக்கு மேல். அப்போது சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்கும். இருக்கிற காசில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் தகரத்துக்கு வெள்ளை அடிப்பேன், சுவரை விட்டுவிடுவேன். வெறும் தகரமும் பளபளவென்றுதான் இருக்கிறது, ஆனால் வாங்கின சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. வெள்ளைப் பூச்சு வெளிச்சத்தையும் திருப்பும், சூட்டையும் விட்டுவிடும்.

பழைய தகட்டில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருத் தடுப்புப் பிரைமர் அடிக்கச் சொல். போன வருடம் மாற்றிய புதுத் தகட்டில் எனாமலை நேராக அடிக்க விடாதே. எனாமலில் உள்ள எண்ணெயும் தகட்டின் துத்தநாகப் பூச்சும் சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும், ஏடு ஏடாக உரியும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் கூரைப் பெயிண்ட் வாங்கு, அதற்குரிய பிரைமரோடு.

நான் · காலை 9:55
சித்தி கூரைத் தண்ணீரைத்தானே குடிக்கப் பிடித்து வைக்கிறார்?

மோல்மீன் மாமா · காலை 9:57
நல்லவேளை சொன்னாய். அப்படியானால் ஈயம் இல்லாதது, குடிநீர்க் கூரைக்கு ஆகும் என்று டப்பாவிலேயே போட்டிருக்க வேண்டும். முதல் சில மழையைப் பிடிக்காமல் ஓடவிட வேண்டும்.

சின்னவன் · காலை 10:05
பின்பக்கச் சமையலறை? அது புதுசாகக் கட்டியது, சிமென்ட் பூச்சு. அங்கேயாவது எமல்ஷன் அடிக்கலாமா, இல்லை அதற்கும் சுண்ணாம்பா?

மோல்மீன் மாமா · காலை 10:12
அங்கே எமல்ஷன் சரி. பூச்சு வேலை முடிந்து 28 நாள் ஆகியிருக்க வேண்டும். ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலை பார். உள்ளே தண்ணீர் முத்து கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் காரம் தாங்கும் பிரைமர், பிறகு வெளிப்புற எமல்ஷன் இரண்டு கை. ஒரு லிட்டர் ஒரு கைக்கு நூறு சதுர அடி என்று கணக்கு வை, சொரசொரப்பாக இருந்தால் இன்னும் குறையும்.

வடக்குச் சுவரில் இப்போதே பச்சை ஏறியிருக்கிறது. வெயில் அங்கே அதிகம் எட்டாது. சுரண்டினால் மட்டும் போகாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அடித்துக் கால் மணி நேரம் விட்டுக் கழுவிக் காயவிடு. வேறு எதையும் அதோடு கலக்காதே.

பெகு சித்தி · காலை 10:20
(குரல் செய்தி, 0:41)
அம்மா பேசியது. கேட்க முடியாதவர்களுக்கு: தாத்தா இருந்தபோது இருந்த மாதிரி அடியில் காவிப் பட்டை வேண்டுமாம், வாசல் கதவு பச்சையாகவே இருக்க வேண்டுமாம். இரண்டையும் மாற்றினால் பொங்கல் பானையைத் தொடமாட்டாராம்.

சின்னவன் · காலை 10:21
காவிப் பட்டையா... கோயில் மதில் ஆகிவிடுமே

மோல்மீன் மாமா · காலை 10:26
அம்மா சொல்வதுதான் கட்டட வேலைக்கும் சரி. கூரைத் தண்ணீர் விழுந்து சேறு தெறிப்பது அந்த இரண்டரை அடியில்தான். அங்கே வெளிர் மஞ்சள் அடித்தால் ஜூன் மாதமே பழுப்பாகிவிடும். காவி அடித்தால் தெரியவே தெரியாது. பட்டையும் சுண்ணாம்பில்தான், எனாமல் அடித்து அடியை அடைத்துவிடக் கூடாது.

கதவு எனாமல் மிகப் பழசு. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். தேய்க்கிற நாளில் பிள்ளைகள் வாசல் பக்கம் வரக்கூடாது.

மாண்டலே பெரியம்மா · காலை 10:30
தம்பி, எல்லாம் சரி. படிக்கட்டுப் பக்கம் ஒரு விரிசல் தெரிகிறதே. 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு விரிசலைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

மோல்மீன் மாமா · காலை 10:34
பார்த்தேன் அக்கா. மரமும் செங்கலும் சேரும் இடத்தில் நேர்கோடாக மெல்லிசாக ஓடினால் பயமில்லை, இரண்டும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். ஏணி மாதிரி படிப்படியாகச் செங்கல் இடுக்கில் ஏறினால் பெயிண்டர் தொடுவதற்கு முன் மேஸ்திரி பார்க்க வேண்டும். தங்கச்சி, அதைக் கிட்டப்போய் ஒரு படம் எடுத்து அனுப்பு.

நான் · காலை 10:41
பெயிண்டருக்குப் பர்மியில் எழுதி அனுப்புகிறேன். முதலில் கூரை, அதன் சொட்டெல்லாம் சுவரில்தான் விழும். டிசம்பரில் சுண்ணாம்பு, கடைசியில் கதவு. நிறத்தை மேற்குச் சுவரில் ஒன்று, வடக்குச் சுவரில் ஒன்று, இரண்டடிச் சதுரமாக அடித்துக் காட்டச் சொல்கிறேன். காய்ந்தபின் காலையிலும் மாலையிலும் படம் எடுத்துப் போடுங்கள் சித்தி.

சின்னவன் · காலை 10:43
சன்னல் ஓரம் மட்டும் கரிச்சாம்பல்?

பெகு சித்தி · காலை 10:44
சன்னல் ஓரம் எடுத்துக்கொள். பிரஷ்ஷும் நீயே எடுத்துக்கொண்டு டிசம்பரில் வா.

சின்னவன் · காலை 10:44
வருகிறேன் சித்தி, மொய்ங்கா நூடுல்ஸ் வாங்கித் தருவீர்களா

பெகு சித்தி · காலை 10:52
(படம்)
அண்ணே, விரிசல் படம். நேர்கோடாகத்தான் ஓடுகிறது, விரல் நகம்கூட நுழையவில்லை.

மோல்மீன் மாமா · காலை 10:58
சரி, சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைக்கச் சொல். வியாழக்கிழமை பெயிண்டர் வந்ததும் எனக்கு வீடியோ கால் போடு. நாயைக் கட்டிப்போடு, போன தடவை வந்தவர் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை.