பழைய பாணி கேம் வேண்டும், கில்ட் (சேர்ந்து ஆடும் குழு) கலைகிறது

பினாங்கு, பாயான் லெப்பாஸ். 2012 முதல் ஒரே ஆன்லைன் கேம்தான். போன வருஷ அப்டேட்டுக்குப் பிறகு உள்ளே போனால் முதலில் கடைதான் திறக்கிறது. மூன்று சலுகைப் பெட்டிகளை மூடினால்தான் என் ஆள் கண்ணில் படுகிறான். ஆறு மாதம் அலைந்து நான் எடுத்த வாள் இப்போது 49 ரிங்கிட்! கில்டில் 22 பேர் இருந்தோம், போன சனிக்கிழமை வந்தது ஐந்து பேர்.

சப்போர்ட்டுக்கு மூன்று முறை எழுதினேன், மூன்றுக்கும் ஒரே ரெடிமேட் பதில். சந்தாவை நிறுத்தினேன், கை அரித்தது, சரி என்று திரும்பிவிட்டேன். இடையில் வேறு கேம்களும் ஆடிப் பார்த்தோம். 2019-இல் வந்த வார்கிராஃப்ட் கிளாசிக்கில் (பழைய வார்கிராஃப்டின் மறுவெளியீடு) எங்களுக்குக் கிடைத்தது சிட்னி சர்வர். தூரம், பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) 150 மில்லிசெகண்ட். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் போனிலும் ஓடியது, ஆனால் ஆளுக்கொரு மூலையில் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள்.

பினாங்கிலிருந்து பிங் 50-க்குள், ஐந்து பேர் சேர்ந்தே ஆட, பழைய பாணி கேம் எது?