மழை ஓய்ந்த பிறகு வந்த பெண்ணையாற்று வெள்ளம்: பேஸ்மட்டத்தை எவ்வளவு உயர்த்துவது?

ஆற்றோரத்தான் (கடலூர்):
கடலூருக்கு வடக்கே தென்பெண்ணையாற்றங்கரையில் எங்கள் வீடு இருக்கிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் தெருவில் கணுக்காலளவுக்குத்தான் தண்ணீர் நின்றது. ஆனால் மழை ஓய்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்த வேளையில், டிசம்பர் 2 அன்று இடுப்பளவு வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. நெல் மூட்டைகளும் அம்மாவின் தையல் இயந்திரமும் சேற்றில் புதைந்தன. இப்போது வீட்டை இடித்துக் கட்டுகிறோம். சாலையிலிருந்து மூன்றடி பேஸ்மட்டம் போதும் என்கிறார் கொத்தனார். உள்ளூர் மழையோடு தொடர்பே இல்லாத இந்த வெள்ளத்துக்கு எதை அளவாகக் கொள்வது?

பழைய பாசனக்காரர்:
தம்பி, அது உங்கள் ஊரில் பெய்த தண்ணீர் அன்று. புயல் கரையேறிய பின் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கத்து நீரெல்லாம் பாம்பாறு வழியாகப் பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்குத்தான் வந்தாக வேண்டும். டிசம்பர் 2 அதிகாலையில் அங்கிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டது. அணையின் கொள்ளளவோ 7.3 டி.எம்.சி., அதாவது 730 கோடி கன அடி மட்டுமே; கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த வேகத்தில் திறந்தால் நிரம்பிய அணையே பன்னிரண்டு மணி நேரத்தில் வறண்டுவிடும். ஏற்கெனவே நிறைந்திருக்கும் அணையால் அத்தகைய வரத்தைத் தாங்கி நிறுத்த இயலாது. போதாக்குறைக்கு, அணைக்குக் கீழே துரிஞ்சலாறும் வந்து கலக்கிறது. ஆகவே கார்த்திகை மாதத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது உங்கள் ஊர் வானத்தை விட, சாத்தனூர் நீர்த்திறப்பு அறிவிப்பைத்தான்.

பாகூர்வாசி:
எதிர்க்கரையில் எங்களுக்கும் அதே கதைதான். ஆறு ஒன்று, அரசு இரண்டு என்பதால் நிவாரணத்தில் மட்டும் வேறுபாடு: புதுச்சேரியில் குடும்ப அட்டைக்கு 5,000 ரூபாய், உங்கள் பக்கம் 2,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதைவிட எனக்குக் கவலை தருவது கரையைப் பற்றிய பேச்சு. ஒரு பக்கத்தில் மட்டும் கரையை உயர்த்தினால் வெள்ளம் மறுபக்கத்து ஊருக்குள்தான் திரும்பும்; இரு அரசுகளும் சேர்ந்து அளந்து செய்ய வேண்டிய வேலை இது.

மனைக்கணக்கு:
கேள்விக்கு வருவோம். சாலையை அளவாகக் கொள்ளாதீர்கள்; பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, சாலை உயர்ந்து வீடுதான் பள்ளமாகிறது. சுவரில் படிந்த சேற்றுக் கோட்டை இடிப்பதற்கு முன்பே அளந்து, அருகிலுள்ள நிலையான இடம் ஒன்றில், கோயில் மதிலானாலும் சரி, குறித்து வையுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே ஓரடியாவது இருக்கட்டும். மின் மீட்டர், சுவிட்ச் பலகை ஆகியவற்றை இன்னும் உயரத்தில் வைத்து, பத்திரங்களுக்குக் கான்கிரீட் பரண் ஒன்று போடுங்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதமும் அடங்கும். கட்டி முடித்ததும் விசாரியுங்கள்.

ஆற்றோரத்தான்:
நன்றி ஐயா. இன்று அளந்தோம்: கோடு சாலையிலிருந்து நாலரை அடி. கொத்தனார் சொன்ன மூன்றடியில் கட்டியிருந்தால் மறுபடியும் முழங்காலளவு சேறுதான். ஐந்தரை அடிக்கு முடிவு செய்திருக்கிறோம்; மூட்டுவலிக்கார அம்மா ஏறுவதற்கேற்ற படியை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் இன்னும் இழுபறி.