டில் என்பது அன்டிலின் சுருக்கமா?

கேள்வி:
அலுவலக ஆங்கில மடலில் 'வரை' என்ற பொருளில் டில் என்று எழுதினால், "அது பேச்சு வழக்கு, அன்டில் என்று திருத்துங்கள்" என்கிறார்கள். டில் சுருக்கம்தான் என்றால் முன்னால், எழுத்து விடுபட்டதைக் காட்டும் அபாஸ்ட்ரஃபி குறி வேண்டாமா? ஒன்றில் இரண்டு எல், மற்றதில் ஒரு எல், ஏன்? இன்னொன்று: "லீவ் அன்டில் ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமையும் விடுப்பில் சேருமா?

பதில் 1:
சுருக்கமே இல்லை. டில்தான் மூத்தது. பழைய ஆங்கிலத்தின் வடக்கு வழக்கில் இருந்தது; வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலும் அதே சொல் இருந்ததால் நன்றாக வேர்பிடித்தது. அப்போது அதற்கு நம் 'கு' உருபின் பொருள். ஸ்வீடிஷில் இன்றைக்கும் அப்படித்தான். ஜெர்மனில் இலக்கு என்று பொருள்படும் ட்சீல் இதன் உறவு. நிலத்தை உழுவதைச் சொல்லும் டில் என்ற வினையும் இதே வேரில் பிறந்ததுதான்.

அன்டில் 1200 வாக்கில் வருகிறது. அதிலுள்ள 'அன்' எதிர்மறை அல்ல. 'வரைக்கும்' என்று பொருள்படும் நார்ஸ் சொல்லின் மிச்சம். ஆக, அன்டில் என்றால் 'வரை வரை'. நாம் 'கேட்டு வாசல்' என்கிறோமே, அதே கதை.

டில் தனியாக நிற்கும்போது ஹில், வில் போல இரண்டு எல். ஒட்டி வரும்போது ஒன்று உதிர்கிறது. ஃபுல், பியூட்டிஃபுல் ஆனபோதும் இதுவே நடந்தது. அபாஸ்ட்ரஃபி போட்ட வடிவம், டில்லைச் சுருக்கம் என்று நினைத்தவர்களால் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. மடலில் தவிர்த்துவிடுங்கள். டில் பிழையில்லை, கொஞ்சம் இயல்பான தொனி, அவ்வளவுதான். வாக்கியத்தின் தொடக்கத்தில் மட்டும் டில்லைவிட அன்டில் நன்றாகப் பொருந்தும்.

பதில் 2:
எழுத்தைவிடப் பயன்பாட்டில்தான் நமக்கு அதிகம் சறுக்குகிறது. 'வெள்ளி வரை' என்றால் அன்டில், 'வெள்ளிக்குள்' என்றால் பை. காத்திருப்பது, தங்குவது போல நீடிக்கும் வினைக்கு அன்டில். அனுப்புவது, முடிப்பது போல ஒரே கணத்தில் தீர்வதற்கு பை. "சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே" என்று எழுதினால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இரு என்பது போல ஆகிவிடும்.

'அவர் வரும் வரை' என்பதில் 'வரும்' இருப்பதால் "அன்டில் ஹி வில் கம்" என்று எழுதத் தோன்றும். தவறு, "அன்டில் ஹி கம்ஸ்" போதும். "நாட் அன்டில் டென்" வந்தால் 'பத்து மணி வரை இல்லை' என்று இழுக்காமல் 'பத்து மணிக்குத்தான்' என்று பெயர்த்தால் தமிழாக இருக்கும். 'பாலம் வரை நடந்தேன்' போன்ற இடப்பொருளுக்கு இன்றைய பொது ஆங்கிலத்தில் "ஆஸ் ஃபார் ஆஸ்". பிறந்தபோது இடத்தையும் குறித்த சொல், இப்போது காலத்தோடு நின்றுவிட்டது.

பதில் 3:
விடுப்புக் கேள்விக்கு: "அன்டில் ஃபைவ்" என்பதில் குழப்பமில்லை, ஐந்து மணி ஒரு புள்ளி. வெள்ளி என்பது 24 மணி நேர நீளம்; அதன் தொடக்கமா முடிவா என்று அன்டில் சொல்வதில்லை. அமெரிக்கர்கள் "த்ரூ ஃப்ரைடே" என்றால் வெள்ளியும் சேர்த்தி. எல்லா நாட்டவருக்கும் போகும் மடலென்றால் "அப் டு அண்ட் இன்க்ளூடிங் ஃப்ரைடே" என்று எழுதுங்கள். அதைவிட, பணிக்குத் திரும்பும் தேதியையே போட்டுவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 'இன்று வரை' என்பதற்கு "டில் டேட்" சரியா?

பதில் 1:
இந்திய ஆங்கிலத்தில் புழங்குகிறது. வெளிநாட்டு மடலென்றால் "டு டேட்" என்று மாற்றிவிடுங்கள்.