மீல் கிட்டில் சமையல் உண்மையிலேயே சுலபமாகுமா? விரல் வலி உள்ளவருக்கு ஒத்துவருமா?

மாலைவெயில் கேட்டது:

வணக்கம். பொருட்களை அளந்து பொட்டலம் கட்டி, செய்முறை அட்டையோடு வீட்டுக்கு அனுப்பும் மீல் கிட் சேவையில் சேர யோசனை. வாரம் மூன்று வேளை, இரண்டு பேருக்கு. சமைப்பவருக்கு விரல் மூட்டுவலி. கத்தியை அழுத்திப் பிடிப்பதும் கனமான பாத்திரத்தைத் தூக்குவதும் சிரமம். அட்டையில் 30 நிமிடம் என்று இருந்தால் 30 நிமிடத்தில் முடியுமா? வந்த பொருள் எத்தனை நாள் தாங்கும்? பணம் கட்டும் முன் எதைப் பார்க்கணும்?

சிறுதீ:

30 நிமிடம் என்று போட்டிருந்தால் முதல் தடவை 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் பெரும்பாலும் கை பழகியவரின் வேகத்துக்குப் போட்டது. காய் கழுவுவது, பொட்டலம் பிரிப்பது, ஓவன் சூடேறுவது எல்லாம் அதில் முழுதாக அடங்காது. ஓவன் 200 டிகிரிக்கு வரவே 10 முதல் 15 நிமிடம் ஆகும்.

மீல் கிட் மிச்சப்படுத்துவது மூன்று வேலைகளை: என்ன சமைப்பது என்ற யோசனை, கடைக்குப் போவது, அளப்பது. தோல் சீவுவதும் நறுக்குவதும் அடுப்பருகே நிற்பதும் அப்படியேதான் இருக்கும். உங்கள் வீட்டில் சிரமமே நறுக்குவதில்தான் என்பதால், நறுக்கிய காயாக அனுப்புகிறார்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஆர்டர் போடும் முன் செய்முறையைத் திறந்து, கத்தி படவேண்டிய பொருட்களை எண்ணுங்கள். மூன்றுக்கு மேல் இருந்தாலோ, பூசணி மாதிரி கெட்டியான காய் இருந்தாலோ அந்த உணவைத் தவிர்த்துவிடலாம்.

சமைக்கும்போது ஓவனை முதலில் போடுங்கள், அடுத்து தண்ணீரை அடுப்பில் ஏற்றுங்கள். அது கொதிப்பதற்குள் எல்லாப் பொட்டலத்தையும் ஒரே மூச்சில் வெட்டித் திறந்து வரிசையாக வையுங்கள். எண்ணெய் காய்ந்த பிறகு அடுத்த பொட்டலத்தோடு மல்லுக்கட்டினால் பூண்டு கருகிவிடும். பொடியாக நறுக்கிய பூண்டுக்குச் சூடான எண்ணெயில் அரை நிமிடம் போதும்.

அடிக்கடி கெட்டுப்போகும் இடங்கள்: உறையிலிருந்து எடுத்த இறைச்சியை ஈரத்தோடு போட்டால் சிவக்காது, வெந்துதான் போகும். காகிதத் துண்டால் ஒற்றி எடுத்துப் போடுங்கள். ஓவன் தட்டில் காயை நெருக்கி அடுக்கினாலும் இதே கதைதான், நீராவியில் வதங்கிவிடும். விசிறி உள்ள ஓவன் என்றால் அட்டையில் சாதா ஓவனுக்குச் சொன்னதைவிட 20 டிகிரி குறையுங்கள். சோயா சாஸிலும் ஸ்டாக் பொடியிலும் ஏற்கெனவே உப்பு நிறைய உண்டு. பாதியை ஊற்றி ருசி பார்த்த பிறகே மீதி.

குளிர்பெட்டி:

தாங்கும் நாள் பற்றி மட்டும் சொல்கிறேன். இதில் கவனக்குறைவு கூடாது.

பெட்டி வந்ததும் பிரியுங்கள். உள்ளே குளிருக்கு வைக்கும் ஜெல் பேக் இன்னும் குளிர்ச்சியாக இருக்கணும். உணவுத் தெர்மாமீட்டரை இரண்டு இறைச்சிப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் படம் எடுத்து அனுப்பிப் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், சமைக்க வேண்டாம். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், நோய் தரும் கிருமிகள் நாற்றம் காட்ட வேண்டியதில்லை.

ஃப்ரிட்ஜில் மீன், கோழி, கொத்திய இறைச்சி மூன்றும் 1 முதல் 2 நாள். பெரிய துண்டு ஆட்டிறைச்சி 3 முதல் 5 நாள். ஆகவே மீனும் கீரையும் வந்த அன்றே, மறுநாள் கோழி, கேரட், உருளை போட்டு சைவமாகச் செய்வதைக் கடைசிக்கு வையுங்கள். தள்ளிப்போகும் என்று தெரிந்தால் இறைச்சியை வந்த அன்றே ஃப்ரீசரில் போடுங்கள், கெடு முடியும் நாளில் அல்ல. உறையில் இந்த நாள் கணக்கைவிட முந்தைய தேதி இருந்தால் அந்தத் தேதியே கணக்கு.

பலருக்குத் தெரியாத ஒன்று: காற்று உறிஞ்சிய உறையில் உறைந்து வரும் மீனை ஃப்ரிட்ஜில் இளக வைக்கும் முன் உறையைக் கிழித்துவிடணும். ஆக்சிஜன் இல்லாத உறைக்குள் பாட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியாவில் ஒரு வகை ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரக்கூடியது.

வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடுப்பகுதியில் கோழிக்கு 74 டிகிரி, கொத்திய ஆடு, மாட்டிறைச்சிக்கு 71, மீனுக்கு 63. பச்சைக் கோழியைக் கழுவ வேண்டாம், தெறிக்கும் நீர் கிருமியைப் பரப்பும். ஒவ்வாமை உள்ளவர்கள் வந்த பாக்கெட்டின் லேபிளையே படிக்கணும். பொருள் தட்டுப்பாட்டில் மாற்றி அனுப்பும்போது அட்டை பழையதாகவே இருக்கலாம்.

கைப்பிடி:

விரல் வலிக்கு என் பரிந்துரை: வெட்டுப்பலகைக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போடுங்கள், நகராது. ஆட்டி ஆட்டி வெட்டும் வளைந்த கத்தியில் விரலுக்குப் பதில் உள்ளங்கை பாரம் தாங்கும். பலகையில் துருப்பிடிக்காத முள் பொருத்தியது கிடைக்கும். காயை அதில் குத்தினால் ஒரு கையே போதும். பொட்டலத்தை விரலால் கிழிக்கவே வேண்டாம், தானாக விரியும் ஸ்பிரிங் கத்தரிக்கோல் வாங்குங்கள். கிட்டில் வரும் சின்னச் சின்ன சாஸ் உறைகள்தான் மூட்டுக்கு அதிக வேதனை, அளவெடுத்து அனுப்புவதன் விலை அது!

பாஸ்தா வடிக்கக் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்காதீர்கள். ஓட்டைக் கூடையை உள்ளே வைத்து வேகவிட்டு, கூடையை மட்டும் தூக்குங்கள், அல்லது ஜல்லிக்கரண்டியால் அள்ளுங்கள். பெட்டியை உள்ளே தூக்கி வராமல் வாசலிலேயே பிரித்து இரண்டு மூன்று நடையாகக் கொண்டுபோகலாம்.

அட்டையில் எழுத்து பொடியாக இருக்கும். இணையத்தில் அதே செய்முறை இருந்தால் எழுத்தைப் பெரிதாக்கலாம். பார்வைக் குறை உள்ளவர் என்றால் அந்தப் பக்கத்தின் எழுத்தை விரலால் தேர்ந்தெடுக்க முடிகிறதா பாருங்கள். வெறும் படமாகப் போட்டிருந்தால் திரையில் உள்ளதைச் சத்தமாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள்கள் பலவும் திணறும்.

மாலைவெயில்:

மிக்க நன்றி. சந்தாவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க வழி?

சிறுதீ:

முதல் பெட்டியின் தள்ளுபடியைப் பார்க்காதீர்கள். இரண்டாவது பெட்டியின் முழு விலையோடு டெலிவரி கட்டணத்தைச் சேர்த்து, ஆறு தட்டுக்கு வகுத்துப் பாருங்கள். பெரும்பாலான சேவைகளில் நீங்கள் தேர்ந்தெடுக்காவிட்டால் அவர்களே உணவைத் தேர்ந்து பணத்தை எடுத்துவிடுவார்கள். வாரத்தைத் தவிர்க்கும் கெடு டெலிவரிக்குப் பல நாள் முன்பே முடியும். பதிவு செய்த அன்றே அந்தக் கெடுவுக்கு முந்தின நாளுக்கு அலாரம் வையுங்கள். ரத்து செய்யும் பொத்தான் கணக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா, போன் செய்துதான் நிறுத்த முடியுமா என்பதையும் வங்கி அட்டை எண் கொடுக்கும் முன் தேடிவிடுங்கள்.